மக்களவையின் ஆயுளும் அவைத் தேர்தல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மக்களவையின் பதவிக்காலம், கூட்டத்தொடர், சபாநாயகர் தேர்தல் ஆகியவை பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: 2024 பொதுத்தேர்தல் முடிவு ஜூன் 4-ஆம் தேதி வந்தது, பிரதமர் ஜூன் 9-ஆம் தேதி பதவியேற்றார். அப்படியானால் மக்களவையின் ஐந்தாண்டுக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? (வாசகர், திண்டிவனம்)

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு நாள்களுமே இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 83-ஆவது பிரிவின்படி, அவையின் முதல் கூட்டத்துக்கெனக் குறிக்கப்பட்ட நாளிலிருந்துதான் ஐந்தாண்டு எண்ணப்படுகிறது. 18-ஆவது மக்களவை 2024 ஜூன் 24 அன்று முதன்முதலாகக் கூடியதால், இடையில் கலைக்கப்படாவிட்டால் 2029 ஜூன் வரை அதற்கு ஆயுள் உண்டு. அந்தக் காலம் முடிந்ததும் யாரும் உத்தரவிடாமலேயே அவை கலைந்ததாகக் கருதப்படும்.

நடைமுறையில் எந்த அவையும் கடைசி நாள்வரை காத்திருப்பதில்லை. புதிய அவைக்கான தேர்தல் முடிவு வந்தவுடன் அமைச்சரவை பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் பழைய அவையைக் கலைத்துவிடுகிறார். 17-ஆவது மக்களவை 2019 ஜூன் 17 அன்று கூடியது. 2024 ஜூன் 5 அன்று, அதாவது வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாளே கலைக்கப்பட்டது. ஐந்தாண்டு என்பது உச்ச வரம்பே தவிர, உறுதியளிக்கப்பட்ட காலம் அன்று. 1998 மார்ச் மாதத்தில் கூடிய 12-ஆவது மக்களவை பதின்மூன்று மாதங்களே நீடித்தது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு, 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாயி அரசு கோரிய நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 269 வாக்குகளும் எதிராக 270 வாக்குகளும் விழுந்தன. மாற்று அரசு அமைக்க எவராலும் இயலாததால் அந்த மாதம் 26-ஆம் தேதி அவை கலைக்கப்பட்டது.

கேள்வி: ஐந்தாண்டு உச்ச வரம்பு என்றால், அதை நீட்டிக்கவே முடியாதா? (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

முடியும், ஆனால் நெருக்கடி நிலை அமலில் இருக்கும்போது மட்டுமே. அப்போதும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி ஒரு நேரத்தில் ஓராண்டுக்கு மேற்படாமல் நீட்டிக்கலாம். நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகு ஆறு மாதங்களுக்கு மேல் அந்த நீட்டிப்பு நிற்காது.

இந்த அதிகாரம் மக்களவைக்காக ஒரே ஒரு காலகட்டத்தில்தான் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. 1971-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாவது மக்களவையின் காலம் 1976 மார்ச் மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். இரு முறை ஓராண்டு வீதம் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அவையின் சாதாரண ஆயுளையே ஆறாண்டாக ஆக்கியது. மக்கள் ஐந்தாண்டுக்குத்தான் தங்களை அனுப்பினார்கள், அதற்கு மேல் ஒரு நாளும் அந்த இருக்கையில் இருக்க உரிமை இல்லை என்ற நிலையை எடுத்து, சிறையிலிருந்தபடியே எதிர்க்கட்சி உறுப்பினர்களான மது லிமாயியும் சரத் யாதவும் தங்கள் உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்த அவையில் அப்படிச் செய்தவர்கள் எத்தனை சொற்பம் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும். 1977 ஜனவரி 18 அன்று அவை கலைக்கப்பட்டது. அடுத்து வந்த ஜனதா ஆட்சியில், 1978-இன் 44-ஆவது திருத்தம் பழைய ஐந்தாண்டையே மீட்டுத் தந்தது.

கேள்வி: நாடாளுமன்றம் ஆண்டுக்கு மூன்று முறை கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்கிறார் என் நண்பர். அப்படியானால் 2020-இல் குளிர்காலக் கூட்டத்தொடரை எப்படிக் கைவிட்டார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

உங்கள் நண்பர் சொல்வது வழக்கம், சட்டம் அன்று. பட்ஜெட் கூட்டத்தொடர், மழைக்காலக் கூட்டத்தொடர், குளிர்காலக் கூட்டத்தொடர் என்ற பெயர்கள் எவையும் அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. 85-ஆவது பிரிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் அமர்வுக்கும் இடையில் ஆறு மாதங்கள் கழிந்துவிடக் கூடாது. 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறையாவது அவைகளைக் கூட்ட வேண்டும் என்ற வாசகமும் அதில் இருந்தது. 1951-இன் முதலாவது திருத்தம் அதை நீக்கிவிட்டது.

2020-ஆம் ஆண்டின் நாள்காட்டியைச் சற்று உற்றுப் பார்த்தால் இந்த ஒற்றை நிபந்தனை எப்படி இயங்குகிறது என்பது விளங்கும். கொரோனா பரவியதால் பட்ஜெட் கூட்டத்தொடர் மார்ச் 23 அன்றே முடிக்கப்பட்டது. ஆறு மாதக் கெடு செப்டம்பர் 23-உடன் முடிய இருந்த நிலையில், மழைக்காலக் கூட்டத்தொடர் செப்டம்பர் 14 அன்று தொடங்கியது. அது செப்டம்பர் 23 அன்று முடிவுற்றதால், அடுத்த கெடு 2021 மார்ச் மாதத்துக்குப் போய்விட்டது. ஆகவே குளிர்காலக் கூட்டத்தொடரைக் கைவிட்டு, 2021 ஜனவரி 29 அன்று நேரே பட்ஜெட் கூட்டத்தொடரைத் தொடங்கியதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. அது சரியான முடிவா என்பது வேறு கேள்வி. வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் தில்லியின் எல்லைகளில் அமர்ந்திருந்த மாதங்கள் அவை. நாடாளுமன்றம் கூடியிருந்தால் அரசு பதில் சொல்லியிருக்க வேண்டியிருக்கும்.

எப்போது கூடுவது, எத்தனை நாள் அமர்வது என்பதை நாடாளுமன்ற விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழுவே முடிவு செய்கிறது. குடியரசுத் தலைவர் பெயரில் அழைப்பாணை வெளியாகிறது. தன்னைக் கேள்வி கேட்க வேண்டிய அவை எந்நாளில் கூட வேண்டும் என்பதைக் கேள்விக்குள்ளாக வேண்டிய அரசே தீர்மானிக்கிறது. இதற்கு ஒரு நிலையான நாள்காட்டி வேண்டும் என்று மக்களவையின் குழு ஒன்று 1955-லேயே பரிந்துரைத்தது. அரசமைப்புச் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட தேசிய ஆணையம் 2002-இல் அளித்த அறிக்கையில், மக்களவை ஆண்டுக்கு 120 நாள்களும் மாநிலங்களவை 100 நாள்களும் கூட வேண்டும் என்றது. இரண்டும் ஏட்டளவில் நின்றன. முதலாவது மக்களவை தன் காலத்தில் 677 நாள்கள் அமர்ந்தது. 17-ஆவது மக்களவை ஐந்தாண்டில் 274 நாள்கள் அமர்ந்தது. முழுக் காலமும் நீடித்த மக்களவைகளில் இதுவே மிகக் குறைவு. மசோதாக்களை நிலைக்குழுக்கள் (துறைவாரியாக அமைந்த உறுப்பினர் குழுக்கள்) ஆராய்வதால் அவையின் நாள்கள் குறைவது இயல்பே என்று சிலர் வாதிடுவது உண்டு. ஆனால் குழுக்களுக்கு அனுப்பப்படும் மசோதாக்களின் எண்ணிக்கையும் அண்மைய அவைகளில் குறைந்தே வந்திருப்பதால், அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று கூட்டத்தொடர்களில் பட்ஜெட் கூட்டத்தொடருக்கு மட்டும் ஓரளவு சட்டப் பிடிப்பு உண்டு. நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குவதால் அதற்கு முன்பாகச் செலவுக்கு அவையின் ஒப்புதல் வேண்டும். ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் குடியரசுத் தலைவர் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றவும் வேண்டும். எனவே பட்ஜெட் கூட்டத்தொடரைக் கைவிட எந்த அரசாலும் இயலாது. பிப்ரவரி இறுதியில் தாக்கலாகிவந்த பட்ஜெட் 2017 முதல் பிப்ரவரி 1 அன்று தாக்கலாகிறது. நடுவில் சில வாரங்கள் அவை இடைவேளை விடுவது, துறைவாரி நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் கேட்கும் செலவுத் தொகைகளைப் பரிசீலிப்பதற்காக.

கேள்வி: 'அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது', 'கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது', 'அவை கலைக்கப்பட்டது' என்று செய்திகளில் வருகின்றனவே, இவற்றால் நிலுவையிலுள்ள மசோதாக்களுக்கு என்ன ஆகும்? (வாசகர், பாளையங்கோட்டை)

ஒத்திவைப்பது சபாநாயகரின் அதிகாரம். கூட்டத்தொடரை முடித்துவைப்பதும் அவையைக் கலைப்பதும் குடியரசுத் தலைவரின் அதிகாரம். தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த பிறகும் முடித்துவைக்கும் ஆணை வராதவரை, சபாநாயகர் அதே கூட்டத்தொடரின் தொடர்ச்சியாக அவையை மீண்டும் கூட்டலாம். 2008 ஜூலையில் மன்மோகன் சிங் அரசின் நம்பிக்கை வாக்கெடுப்புக்காகக் கூடிய மக்களவைக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படாமலே டிசம்பர் வரை இழுத்துச் செல்லப்பட்டதால், அந்த ஆண்டு தனியாகக் குளிர்காலக் கூட்டத்தொடர் ஒன்று இல்லாமலே போனது.

ஒத்திவைப்பினாலும் முடித்துவைப்பினாலும் மசோதாக்கள் சாவதில்லை. மக்களவை கலையும்போதுதான் அதில் நிலுவையில் உள்ளவையும், அதில் நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருப்பவையும் காலாவதியாகின்றன. மாநிலங்களவையில் தொடங்கி அங்கேயே நிலுவையில் உள்ளவை மட்டும் தப்பும். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவின் கதையே இதற்குச் சான்று. 1996, 1998, 1999 ஆகிய மூன்று முறையும் மக்களவையில் அறிமுகமாகி, அவை கலைந்தபோதெல்லாம் காலாவதியானது. இதை மனத்தில் கொண்டுதான் 2008-இல் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தினார்கள். 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறியது. ஆனால் நிறைவேறியதும் மக்களவைக்கு வந்துவிட்டதல்லவா? அங்கே நான்காண்டுகள் கிடந்து, 2014-இல் 15-ஆவது மக்களவையோடு அதுவும் காலாவதியானது. இறுதியில் 2023 செப்டம்பரில், நான்கு நாள் சிறப்புக் கூட்டத்தொடரில், புதிய மசோதாவாகக் கொண்டுவரப்பட்டு 106-ஆவது திருத்தமாக நிறைவேறியது.

கேள்வி: சபாநாயகர் தேர்தலில் உறுப்பினர்கள் ரகசியமாக வாக்களிக்கிறார்களா? 2024-இல் போட்டி இருந்தும் எண்ணிக்கை வெளியாகாதது ஏன்? (வழக்கறிஞர், நாகர்கோவில்)

வாக்குச் சீட்டும் பெட்டியும் வைத்து நடக்கும் தேர்தல் அன்று அது. தேர்தல் நாளைக் குடியரசுத் தலைவர் குறிக்கிறார். அதற்கு முந்தைய நாள் நண்பகலுக்குள், இன்னாரை அவைத்தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு உறுப்பினர் ஒருவர் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். மற்றொருவர் அதை வழிமொழிய வேண்டும். முன்மொழியப்படுபவர் பதவியேற்க இசைவதாகத் தந்த கடிதமும் அதனுடன் இருக்க வேண்டும். தீர்மானங்கள் வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அவையின் முன் வைக்கப்படும். ஒன்று நிறைவேறிவிட்டால் அதோடு சரி. எஞ்சியவை வாக்கெடுப்புக்கே வருவதில்லை.

அன்றைய கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் தற்காலிக சபாநாயகர். பெரும்பாலும் மூத்த உறுப்பினருக்கு அந்தப் பொறுப்பு தரப்படும். 2024-இல் எட்டாவது முறை உறுப்பினரான கொடிக்குன்னில் சுரேஷை விட்டுவிட்டு, தொடர்ச்சியாக ஏழு முறை வென்றவர் என்ற காரணத்தால் பர்த்ருஹரி மஹதாப் நியமிக்கப்பட்டார். அவருக்குத் துணையாக அறிவிக்கப்பட்ட உறுப்பினர்களில் தி.மு.க.வின் டி.ஆர். பாலு உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் அந்தப் பணியை ஏற்க மறுத்தனர். ஜூன் 26 அன்று ஓம் பிர்லாவின் பெயரைப் பிரதமர் முன்மொழிய, எதிர்த்தரப்பு அதே சுரேஷை நிறுத்தியது. பிர்லாவுக்கான தீர்மானம் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டு, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. எண்ணி வாக்கெடுக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் வலியுறுத்தியிருந்தால், இருக்கைகள் அப்போது ஒதுக்கப்பட்டிராத நிலையில், மின்னணுப் பலகைக்குப் பதிலாகச் சீட்டு கொடுத்து எண்ண வேண்டியிருந்திருக்கும். அவர்கள் வலியுறுத்தவில்லை, ஆகவே எண்ணிக்கையும் இல்லை.

எண்ணிக்கை பதிவான தேர்தல்கள் முன்பு நடந்திருக்கின்றன. 1952-இல் மாவலங்கர் 394 வாக்குகளும் சங்கர் சாந்தாராம் மோரே 55 வாக்குகளும் பெற்றனர். 1967-இல் நீலம் சஞ்சீவ ரெட்டி 278, தென்னேட்டி விஸ்வநாதம் 207. நெருக்கடி நிலையின் நடுவே, 1976-இல் பலிராம் பகத் 344, ஜகன்னாதராவ் ஜோஷி 58. இவை எல்லாவற்றையும் விட விறுவிறுப்பானது நாடு விடுதலை பெறுவதற்கு முந்தையது: 1925-இல் மத்திய சட்டசபைத் தலைவர் தேர்தலில் விட்டல்பாய் படேல் 58 வாக்குகள் பெற்று, 56 வாக்குகள் பெற்ற சென்னையின் டி. ரங்காச்சாரியாரை வென்றார்.

பதவி ஏற்றதும் கட்சியிலிருந்து விலகியவர் சஞ்சீவ ரெட்டி. பத்தாவது அட்டவணை, அப்படி விலகும் அவைத்தலைவருக்குக் கட்சித்தாவல் தடையிலிருந்து விலக்கும் அளிக்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தும் அதற்குப் பின் வந்தவர்கள் அவ்வழியே போகவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கேள்வி: துணை சபாநாயகர் பதவி காலியாகவே இருப்பதாகப் படித்தேன். சபாநாயகர் இருக்கும்போது துணை எதற்கு என்று விட்டுவிட்டார்களா? (வாசகி, கரூர்)

கரூரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கடைசியாக அந்தப் பதவியை வகித்தவர், உங்கள் தொகுதியின் உறுப்பினராக இருந்த மு. தம்பிதுரை. 1985 முதல் 1989 வரை ஒரு முறையும் 2014 முதல் 2019 வரை மறுமுறையும் அவர் துணை சபாநாயகராக இருந்தார். இவ்விரண்டுக்கும் முன்பு, 1980-இல் அமைந்த மக்களவையில் தி.மு.க.வின் ஜி. லட்சுமணன் அந்தப் பதவியில் இருந்தார்.

17-ஆவது மக்களவை தன் ஐந்தாண்டு முழுவதும் துணை சபாநாயகர் இல்லாமலே இயங்கி முடிந்தது. அப்படி நேர்ந்தது அதுவே முதன்முறை. 18-ஆவது மக்களவை கூடி ஓராண்டு கடந்த பின்னும் தேர்தல் நடத்தப்படவில்லை. 93-ஆவது பிரிவு, அவை 'இயன்ற விரைவில்' தன் உறுப்பினர்கள் இருவரைச் சபாநாயகராகவும் துணை சபாநாயகராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. இரு பதவிகளுக்கும் ஒரே வாசகம்தான். சபாநாயகர் இல்லாமல் அவை ஒரு நாள்கூட நடக்காது என்பதால் அந்தத் தேர்தல் முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது; துணை சபாநாயகர் தேர்தல் நாளைக் குறிக்கும் பொறுப்பு விதிகளின்படி சபாநாயகருடையது, கெடு எதுவும் இல்லை, எனவே அது நடப்பதில்லை. ஆறு மாதம் என்று எண்ணிக்கை எழுதப்பட்ட இடத்தில் பெருந்தொற்றுக் காலத்திலும் அவையைக் கூட்டினார்கள். எண்ணிக்கை எழுதாமல் நல்லெண்ணத்தை நம்பி விட்ட இடத்தில் ஐந்தாண்டு போனது. இது குறித்த பொதுநல வழக்கில் 2023-இல் உச்சநீதிமன்றம் மத்திய அரசுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

துணை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சபாநாயகர் பதவி விலகினால் கடிதத்தைத் துணை சபாநாயகருக்குத்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். பதவி காலியானால் அதன் கடமைகளை நிறைவேற்றுபவரும் அவரே. 2002 மார்ச் 3 அன்று சபாநாயகர் பாலயோகி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது, மே மாதம் மனோகர் ஜோஷி தேர்ந்தெடுக்கப்படும்வரை பட்ஜெட் கூட்டத்தொடரின் மிச்சப் பகுதியைத் துணை சபாநாயகர் பி.எம். சயீத் நடத்தினார். அவர் எதிர்க்கட்சியான காங்கிரஸைச் சேர்ந்தவர். 1990-களிலிருந்து அந்தப் பதவி ஆளும் கட்சி அல்லாத தரப்புக்கே தரப்பட்டுவந்தது. மல்லிகார்ஜுனய்யா, சயீத், அட்வால், கரிய முண்டா என்று அந்த வரிசை நீளும். அந்த வழக்கத்தைக் காப்பாற்ற மனமில்லாதபோது, பதவியையே காலியாக விடுவது அரசுக்கு எளிதாக இருக்கிறது. இதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

கேள்வி: பிரதமரையும் எதிர்க்கட்சித் தலைவரையும் அவை தேர்ந்தெடுப்பது இல்லையா? (மாணவர், தஞ்சாவூர்)

இல்லை. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மக்களவையின் பெரும்பான்மை அவருக்கு இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அவர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மன்மோகன் சிங் மாநிலங்களவை உறுப்பினராகவே பத்தாண்டு பிரதமராக இருந்தார். எதிர்க்கட்சித் தலைவரை அவரது கட்சி முன்னிறுத்த, சபாநாயகர் அங்கீகரிக்கிறார். எதிர்க்கட்சித் தலைவரின் சம்பளம், படிகள் பற்றிய 1977-இன் சட்டம், அவரது கட்சிக்கு அவையில் பத்தில் ஒரு பங்கு இடம் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் அப்படியொரு வழக்கம் இருப்பதால், 44 இடங்களும் 52 இடங்களும் பெற்ற காங்கிரஸுக்கு 2014-லும் 2019-லும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை. 2024-இல் 99 இடங்கள் வென்ற பிறகு ராகுல் காந்தி அங்கீகரிக்கப்பட்டார்.

கேள்வி: மாநிலங்களவைக்கும் இதே விதிகள்தானா? (வாசகர், திருப்பூர்)

கூட்டத்தொடர் விதிகள் பொதுவானவை, பதவிக்காலம் வேறு. மாநிலங்களவை கலைக்கப்படுவதே இல்லை. உறுப்பினர்களுக்கு ஆறாண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகின்றனர். அதன் தலைவரை அந்த அவை தனித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. குடியரசுத் துணைத் தலைவரே அதன் தலைவர். அவரை இரு அவைகளின் உறுப்பினர்களும், நியமன உறுப்பினர்கள் உட்பட, ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜகதீப் தன்கர் 2025 ஜூலையில் பதவி விலகியதை அடுத்து, செப்டம்பர் 9 அன்று நடந்த தேர்தலில் உங்கள் ஊர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற்று, 300 வாக்குகள் பெற்ற பி. சுதர்சன் ரெட்டியை வென்றார். துணைத் தலைவரை மட்டும் அந்த அவையே தேர்ந்தெடுக்கிறது.

கேள்வி: தேர்ந்தெடுத்த சபாநாயகரை அவையே நீக்க முடியுமா? (வாசகர், விருதுநகர்)

முடியும். பதினான்கு நாள் முன்னறிவிப்புடன் தீர்மானம் கொண்டுவந்து, வாக்களித்தவர்களில் அல்லாமல் அவையின் அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஆதரித்தால் அவர் பதவி இழப்பார். 1954-இல் மாவலங்கருக்கு எதிராகவும், 1966-இல் ஹுக்கம் சிங்குக்கு எதிராகவும், 1987-இல் பல்ராம் ஜாக்கருக்கு எதிராகவும் இம்முயற்சி நடந்து தோற்றது. 1966-இல் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளத் தேவையான 50 உறுப்பினர்கள்கூட எழுந்து நிற்கவில்லை. தன்னை நீக்கும் தீர்மானம் பரிசீலனையில் இருக்கும்போது சபாநாயகர் அவைக்குத் தலைமை வகிக்கக் கூடாது. ஆனால் உறுப்பினர் இருக்கையில் அமர்ந்து தன் தரப்பைப் பேசலாம். மற்றவர்களைப் போல ஒரு வாக்கும் அளிக்கலாம். வாக்குகள் சமமானால் முடிவைத் தீர்மானிக்கும் வாக்கு மட்டும் அன்று அவருக்குக் கிடையாது.